ஏழாவது படத்தைப் பார்க்க

பிரான்சில் நான் படித்த முதல் வருடத்தில் ஒரு வசனத்தையேனும் சொந்தமாகச் சொன்னதாக ஞாபகம் இல்லை. பாண் வாங்க ஒரு வசனம், பல்கலைக்கழக உணவுச்சாலையில் தட்டை நீட்ட ஒரு வசனம், பொலிஸ் தலைமையகத்தில் வதிவிட அட்டைக்கான வரிசையில் நின்று சொல்ல நான்கு வசனங்கள். எல்லாம் பாடமாக்கியவை. யாராவது நடுவில் குறுக்கிட்டால் திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன். ஒருநாள் பாண்கடைக்காரி பாணைத் தந்துவிட்டு, வெளியே பெய்த மழையைக் காட்டி ஏதோ கேட்டாள். நான் மரியாதையாக என் வசனத்தையே மறுபடி சொன்னேன். அவள் இன்னொரு பாணை எடுத்துத் தந்தாள். இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடி அறைக்குப் போனேன்.

இதில் வெட்கப்பட எதுவும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த முறை அதுதான். டியூட்டரியில் மாஸ்டர் நோட்ஸ் சொல்லுவார், நாங்கள் எழுதுவோம், வீட்டுக்கு வந்து பாடமாக்குவோம். பிறகு யாராவது கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார, நாங்கள் சுவரைப் பார்த்தபடி ஒப்புவிப்போம். கேட்கிறவருக்குப் பாடம் விளங்க வேண்டும் என்றில்லை. எழுத்துக்கூட்டத் தெரிந்தால் போதும். என் உயர்தரப் புவியியல் முழுவதையும் கேட்டவள் ஐந்தாம் வகுப்பில் படித்த என் தங்கை. "அண்ணா, ஒரு 'ஆகவே'யை விட்டிட்டாய்" என்று பென்சிலால் குறித்துக் காட்டுவாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மறுபடி தொடங்குவேன். அப்படிப் படித்து நல்ல பெறுபேறு எடுத்தவன் நான். என்னைக் கெட்டிக்காரன் என்று ஊரில் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

அந்த நம்பிக்கையோடுதான் எண்பதுகளின் நடுப்பகுதியில் பாரிசுக்கு வந்து சேர்ந்தேன். புவியியல் படிக்க ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. மாணவன் என்ற வதிவிட அட்டையை ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் புதுப்பிக்க வேண்டும். பரீட்சை எழுதித் தேறினேன் என்ற கடிதம் இல்லாமல் அட்டை இல்லை. அட்டை இல்லாமல் படிப்பு இல்லை. அகதியாகப் பதிந்திருக்கலாமே என்று பிற்காலத்தில் பலர் கேட்டார்கள். பதிந்திருக்கலாம். ஆனால் பதிந்த பிறகு புத்தகத்தைத் தொட்ட ஒருவரையும் நான் அதுவரை கண்டிருக்கவில்லை. எல்லோரும் வேலைக்குப் போனார்கள், போகத்தான் வேண்டியிருந்தது. நான் வந்ததே படிக்கத்தான்.

பாரிசின் லா ஷப்பல் பகுதியில், தண்டவாளங்களுக்குப் பின்னால் ஐந்தாம் மாடியில் ஒரு அறை. நாங்கள் நான்கு பேர். இருவர் விடியுமுன்னே வேலைக்குப் போய், வந்ததும் தூங்குகிறவர்கள். அவர்கள் நல்லவர்கள், ஆனால் விழித்திருந்து நான் கண்டது குறைவு. மூன்றாமவன்தான் என் நண்பன். என் வயதுதான். தோட்டக்காரக் குடும்பம், வெங்காயமும் மிளகாயும் போடுகிறவர்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தகப்பனோடு தோட்டத்தில் நின்றவன், ஊரில் இருக்க முடியாமல் இங்கே வந்து, ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மூன்று மணிக்கு விடுவார்கள், ஆறு மணிக்குத் திரும்பப் போக வேண்டும். அந்த மூன்று மணித்தியாலமும் கண்ணை மூடிப் படுக்க வேண்டிய நேரம். அவன் கால்கள் மாலையில் வீங்கியிருக்கும்.

என் கையில் எழுபத்திரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம் இருந்தது. பேராசிரியையின் விரிவுரைகளைத் தட்டச்சில் அடித்துப் பிரதியெடுத்து, ஓரத்தில் கம்பி குத்தியது. பொலிகொப்பி என்பார்கள். நீரும் நிலமும் என்பதுதான் பாடம். வகுப்பில் அந்த அம்மையார் பேசுவது எனக்கு ஒரு காதால் போய் மறு காதால் வந்துவிடும். புத்தகம் அப்படி ஓடாது, வைத்த இடத்தில் இருக்கும். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். பாடமாக்கத் தொடங்கினேன். ஆனால் கேட்க ஆள் வேண்டுமே.

"தா இஞ்சை, நான் கேக்கிறன்" என்றான் நண்பன், கட்டிலில் படுத்தபடி.

"உனக்குப் பிரெஞ்சு தெரியாதேடா."

"இங்கிலிஸ் எழுத்துத்தானே. நீ சொல்லு, நான் விரல் வைச்சுப் பாக்கிறன்."

அறையில் மற்ற இருவரும் தூங்குவதால் சத்தம் போட முடியாது. தெருமுனையில் துணி துவைக்கிற மெசின்கள் வைத்த கடை ஒன்று இருந்தது. லாவெரி. குளிர்காலத்தில் அந்தத் தெருவில் சும்மா இருந்தே சூடாக இருக்கக்கூடிய ஒரே இடம். மாசிக் குளிரில் தொடங்கி வைகாசி முடியும்வரை, அநேகமாக ஒவ்வொரு பின்னேரமும், அங்கே நீள வாங்கில் இருந்து நான் ஒப்புவித்தேன், அவன் கேட்டான். மணிக்கணக்கில் நீருக்குள் ஊறிச் சுருங்கிய கட்டைவிரலால் வரிக்கு வரி தடவிக்கொண்டு வருவான். ஒரு சொல் தவறினால் விரல் நின்றுவிடும். "இல்லை, உது இல்லை. திரும்பச் சொல்லு." சொல்லின் பொருள் அவனுக்கும் தெரியாது, எனக்கும் அரைகுறை. ஆனாலும் என் தங்கையைவிடக் கடுமையான ஆளாக இருந்தான்.

அங்கேதான் பாண்டிச்சேரி அக்காவைச் சந்தித்தோம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், தபால் கந்தோரில் உத்தியோகம், நாற்பது வயதிருக்கும். சனிக்கிழமைகளில் இரண்டு பெரிய பை நிறையத் துணியோடு வருவார். மூன்று வாரம் எங்களைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், நான்காம் வாரம் பொறுக்காமல் கேட்டார்.

"ஏம்பா, ரெண்டு பேரும் என்னா பண்றீங்க? மெஷினுக்கு மந்திரம் ஓதுறீங்களா?"

"இல்லையக்கா, படிக்கிறம்."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். நான் ஒரு பக்கம் ஒப்புவித்துக் காட்டினேன். அவர் வாயில் கை வைத்தார். "மோந்தியே, கடவுளே! பிரெஞ்சா அது? பிரெஞ்சுன்னு சொல்லவே இல்லையே!" அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் துணி சுற்றி முடிகிற வரையில் எங்கள் உச்சரிப்பைத் திருத்துவது அவர் வேலையாகிவிட்டது. "உதட்டைக் குவிச்சி சொல்லுப்பா, வெக்கப்படாத, யாரும் உன்னைக் கட்டிக்கச் சொல்லல." என் நண்பனும் கூடவே குவித்தான். கேட்கிறவனுக்கும் உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டும் என்று அவன் சொன்ன நியாயத்தை அக்கா பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

ஆனி மாதம் எழுத்துப் பரீட்சை. சுண்ணாம்புக்கல் நிலத்தில் மழைநீர் எப்படி இறங்குகிறது என்று கேட்டிருந்தார்கள். பதினெட்டாம் பக்கத்திலிருந்து இருபத்திரண்டாம் பக்கம் வரை அப்படியே எழுதினேன். ஒரு காற்புள்ளிகூடத் தவறவில்லை. வெளியே வந்ததும் நண்பனிடம் சொன்னேன், "மச்சான், அச்சடிச்ச மாதிரி எழுதிப்போட்டன்." இருவரும் லாவெரிக்கு எதிரே இருந்த கடையில் நின்று கோப்பி குடித்துக் கொண்டாடினோம்.

பத்து நாள் கழித்துப் பேராசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஐம்பது வயது தாண்டிய, கம்பளிச் சட்டையின் முழங்கையில் ஒட்டுப்போட்ட, ஓயாமல் சிகரெட் பிடிக்கிற அம்மையார். மேசையில் என் விடைத்தாளும் பொலிகொப்பியும் பக்கத்துக்குப் பக்கமாகக் கிடந்தன. மெதுவாக, எனக்கு விளங்கும்படி பேசினார். இது பார்த்து எழுதியது. மண்டபத்தில் எவரும் கவனிக்கவில்லை, ஆனால் தாளே சொல்கிறது. பிறகு சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்ட ஓரிடத்தைக் காட்டினார். அதில் நான் என் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன்: ஏழாவது படத்தைப் பார்க்க.

என் விடைத்தாளில் ஏழாவது படமும் இல்லை, முதலாவது படமும் இல்லை.

புத்தகத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்த அந்த வசனத்தையும் நாங்கள் பாடமாக்கியிருந்தோம். நண்பனின் விரல் அதையும் தடவிக்கொண்டு போனது நினைவில் இருந்தது. அதை எப்படி அந்த அம்மையாருக்குச் சொல்வது? எனக்கு அதற்கு வசனம் இல்லை.  அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வந்து விளக்கம் சொல்லலாம், இல்லையென்றால் இதை ஒழுக்கக் குழுவுக்கு அனுப்ப வேண்டி வரும் என்றார். அனுப்பினால் பரீட்சைகளிலிருந்து விலக்கிவிடுவார்கள். இலையுதிர்காலத்தில் அட்டை கிடைக்காது. 

அக்காவை மொழிபெயர்க்கக் கேட்டேன். அரைநாள் விடுப்பு எடுத்தார். "கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்தியாச்சு, நீ மூஞ்சிய மட்டும் நல்லா வச்சிக்க" என்றார். நண்பனும் வருவேன் என்று நின்றான்.

"நீ ஏன் மச்சான்? மூண்டு மணிவரைக்கும் உனக்கு வேலையெல்லோ."

"நான்தானே கேட்டனான். ஆரும் சாட்சி வேண்டாமே?"

செவ்வாய்க்கிழமை மூவரும் போய் நின்றோம். அக்கா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உடுத்துகிற கோட்டில். நண்பன் அறையில் இருந்தவர்களுள் உயரமானவனின் கோட்டில், கை விரல்நுனி வரை மூடியிருந்தது. பேராசிரியை எங்களை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். குடும்பமா என்று கேட்டார். அக்கா கொஞ்சமும் தயங்காமல் ஆம் என்றார்.

பாடமாக்கினேன் என்று சொன்னேன். அக்கா அதை நல்ல பிரெஞ்சில் விரித்துச் சொன்னார். பேராசிரியை தலையை ஆட்டினார். எழுபத்திரண்டு பக்கத்தை ஒருவர் மனப்பாடம் செய்வதா, எதற்காக? நம்பமுடியாது என்றார். பிறகு பொலிகொப்பியை நடுவில் திறந்து ஒரு வரியை வாசித்து, தொடரச் சொன்னார்.

எனக்குத் தெரிந்த வரி. ஐம்பத்துமூன்றாம் பக்கத்தின் மேல்வரி. ஆனால் அடுத்த வரி வாயில் வரவில்லை.  அக்கா என் முதுகில் விரலால் குத்தினார். அப்போதும் வரவில்லை. பேராசிரியை புத்தகத்தை மூடப் போனார்.

அப்போது கதவுப்பக்கம் இருந்து சத்தம் வந்தது. என் நண்பன் தரையைப் பார்த்தபடி, அந்தப் பெரிய கோட்டின் கைகளைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வரியைச் சொன்னான். அதற்கடுத்ததையும் சொன்னான். லாவெரி மெசின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று பழகிய அதே உரத்த குரலில், யாழ்ப்பாண நாக்கும் பாண்டிச்சேரி அக்கா குவித்துவிட்ட உதடுமாக, பக்கம் முடியும்வரை நிறுத்தவில்லை. அடுத்த பக்கத்துக்குத் தாவியபோது என் வாயும் திறந்துகொண்டது. இருவரும் சேர்ந்தே சொன்னோம். பேராசிரியை கை உயர்த்தும்வரை சொன்னோம்.

இவர் என்ன படிக்கிறார் என்று கேட்டார்.

அக்கா சொன்னார்: படிக்கவில்லை, உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார்.

இது அவருக்கு விளங்குகிறதா?

அக்கா திரும்பித் தமிழில் கேட்டார். நண்பன் உண்மையைச் சொன்னான். "இல்லையக்கா, ஒரு சொல்லும் விளங்காது. ஆனா உவன் பிழை விட்டாப் பிடிச்சுப்போடுவன்."

அதைக் கேட்டுப் பேராசிரியை சிரித்தார் என்று எழுத ஆசை. சிரிக்கவில்லை. இன்னொரு சிகரெட்டைப் பற்றவைத்தார். பிறகு என்னைப் பார்த்து, உங்களுக்கு விளங்குகிறதா என்று கேட்டார்.

பார்த்து எழுதிய கள்ளன் என்ற மாதிரிப் பேசியபோது எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கேள்விக்குக் கோபப்பட வழியில்லை. குனிந்துகொண்டேன். அவர் சொன்னதை அக்கா வழியில் மெட்ரோவில் வைத்து மறுபடி சொன்னார், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல். நீங்கள் பார்த்து எழுதவில்லை என்று நம்புகிறேன், குழுவுக்கு அனுப்பமாட்டேன். ஆனால் இந்தத் தாளில் உங்களுடையது என்று ஒரு வரியும் இல்லை. என்னுடையதற்கு நானே புள்ளி போட முடியாது. செப்டம்பரில் மறுபரீட்சை, வாய்மொழியாக. என் புத்தகத்து வசனம் ஒன்று வந்தாலும் நிறுத்திவிடுவேன்.

மறுநாள் பின்னேரம் லாவெரியில் நண்பன் புத்தகத்தைத் திறந்தான். விரலை வைக்கவில்லை.

"சரி. இனி ஒப்புவிக்காதை. இது என்ன சொல்லுதெண்டு தமிழிலை சொல்லு பாப்பம்."

சொல்லத் தொடங்கினேன். இரண்டாம் வரியிலேயே வழி அடைபட்டது. அகராதியை எடுத்தேன். ஒரு வசனத்துக்கு அரை மணித்தியாலம் போனது. "விளங்கேல்லை" என்றான். வேறுவிதமாகச் சொன்னேன். "இன்னும் விளங்கேல்லை." விளங்காத பழியை நான் அவன் தலையிலேயே போட்டேன், உண்மையில் எனக்கே விளங்கவில்லை என்பது ஒவ்வொரு முறையும் வெளியே தெரிந்தது. இப்படி இரண்டு வாரம். ஆடி மாத வெக்கையில், மெசின்களின் சூடும் சேர, ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "கோப்பை கழுவிறவனுக்கு இது விளங்கித்தான் என்ன, விளங்காட்டித்தான் என்ன?" என்றேன்.

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் புத்தகத்தை வாங்கில் வைத்துவிட்டு எழுந்து போனான். வேலைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

இரண்டு நாள் நாங்கள் பேசவில்லை. ஒரே அறை, ஒரே சட்டியில் சோறு. அவன் போட்டுத் தருவான், நான் சாப்பிடுவேன். மன்னிப்புக் கேட்க வசனம் தேடினேன். பாடமாக்கினதெல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. மூன்றாம் நாள் நான் லாவெரியில் தனியாக அகராதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் இருந்தான்.

"எத்தினையாம் பக்கம்?"

"முப்பத்தொண்டு" என்றேன். 

"ம். சொல்லு."

அவ்வளவுதான். அதைப்பற்றி அவன் அன்றும் கதைக்கவில்லை, பிறகும் கதைக்கவில்லை. நான் இன்றைக்கும் நினைத்து வெட்கப்படுகிறேன். ஓகஸ்டில் உணவகத்தைப் பூட்டிவிட்டு முதலாளி கடற்கரைக்குப் போனார். புறநகரில், லா கூர்னெவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்ற ஒரு மாதத்துக்கு ஆள் எடுத்தார்கள். அறையில் மற்ற இருவரும் இவனையும் கூப்பிட்டார்கள். போகவில்லை. "வேலை செப்டம்பருக்குப் பிறகும் இருக்கும். சோதினை இராது" என்று என்னைப் பார்க்காமலே சொன்னான். அந்த மாதம் முழுவதும் எங்களுக்குக் காலையும் இருந்தது, மாலையும் இருந்தது.

ஒரு காலை அறுபத்தோராம் பக்கத்துக்கு வந்தோம். கடலோரத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் நிலத்தடி நீர். அகராதியைப் பிடித்துக்கொண்டு திக்கித் திக்கிச் சொல்லிக்கொண்டு போனேன். மழைநீர் கல்லுக்குள் இறங்குகிறது. அதற்குக் கீழே கடல்நீர் இருக்கிறது. நல்ல நீர் பாரம் குறைந்ததால் உப்புநீருக்கு மேலே மிதக்கிறது. மேலே இருப்பதை அளவுக்கு மிஞ்சி எடுத்தால்...

"எடுத்தா உவர் மேலை வரும்" என்றான் நண்பன்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த வசனத்துக்கு நான் இன்னும் வந்திருக்கவில்லை.

"மச்சான், உது எங்கடை கிணத்தைப் பற்றியெல்லோ எழுதியிருக்கு!" என்று எழும்பிவிட்டான். துணி எடுக்க வந்த கிழவர் ஒருவர் திடுக்கிட்டார். "இவ்வளவு நாளும் நான் உதையோ சொல்லிக்கொண்டிருந்தனான்?"

பிறகு அவன் சொல்ல, நான் கேட்டேன். அவர்கள் தோட்டத்தில் காலையில் தண்ணி இறைக்கிற மெசின் போட்டு இறைத்தால் பின்னேரம்வரை கிணற்றை விட்டுவிட வேண்டும். தகப்பன் வாளியில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் மறுபடி மெசினைத் தொட விடுவார். பக்கத்துக் காணிக்காரர் பெரிய மெசின் ஒன்று வாங்கி விடாமல் இறைத்தார். ஒரு கோடை தாங்கியது. அடுத்த கோடையில் அவர் கிணறும் இவர்கள் கிணறும் சேர்ந்து உவராகிவிட்டன. வெங்காயத்தின் தாள் நுனி கருகி வந்தது.

"பக்கத்தாலை வரேல்லையோ, கடல்பக்கம் இருந்து?" என்று கேட்டேன்.

"இல்லையடா. அடியிலை இருந்துதான் ஏறும். மேல் தண்ணி ஒரு சாண் இறங்கினா, அடியிலை உவர் கனக்க ஏறிப்போடும். மேலை உள்ளதுதானே அதை அமத்தி வைச்சிருக்கிறது." துணி மெசினின் ஈரமான மூடியில் விரலால் கீறிக் காட்டினான்.

புத்தகம் இரண்டு பக்கத்தில் சொன்னதை நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கண்ணால் கண்டேன். யாழ்ப்பாணத்திலே பிறந்து, அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்து, புவியியலில் நல்ல பெறுபேறும் எடுத்தவன் நான். என் வீட்டுக் கிணற்றுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு மற்றப் பக்கங்களையும் அப்படித்தான் படித்தோம். ஆற்றைப் பற்றி வந்தால் பாலத்தில் போய் நின்று செய்ன் நதியைப் பார்த்தோம். மண்ணரிப்பு வந்தால் அவன் வரப்பைப் பற்றிக் கேட்டான். அவனுக்கு விளங்கும்வரை விடமாட்டான். நானும் இப்போது விடச் சொல்லவில்லை.

செப்டம்பரில் வாய்மொழிப் பரீட்சை. பேராசிரியை மேசையில் பொலிகொப்பியைக் கவிழ்த்து வைத்திருந்தார். கடலோரத்துச் சுண்ணாம்பு நிலம் என்றார். பயத்தில் என் வாய் பழைய வழக்கப்படி அறுபத்தோராம் பக்கத்தின் முதல் வசனத்தோடு திறந்தது. அவர் கையை உயர்த்தினார். மூச்சை இழுத்துக்கொண்டு வேறு இடத்தில் தொடங்கினேன்: என் நண்பனின் அப்பாவிடம் ஒரு கிணறு இருக்கிறது. காலையில் இறைப்பார். பின்னேரம் இறைக்கமாட்டார்.

எல்லாம் உடைந்த பிரெஞ்சு. வினைச்சொற்கள் தாறுமாறாக விழுந்தன. ஆனால் அந்த வசனங்கள் ஒன்றும் எந்தப் புத்தகத்திலும் இருந்தவை இல்லை. பேராசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பக்கத்துக் காணிக்காரர் பெரிய மெசின் வாங்கிய இடத்தில் முன்னால் சாய்ந்தார். உப்பின் அளவை யார் அளந்தார்கள் என்றார். யாரும் அளக்கவில்லை, நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள் என்றேன். உப்பு பக்கத்திலிருந்து வராமல் ஏன் அடியிலிருந்து வருகிறது என்றார். எழுந்து போய்க் கரும்பலகையில் கீறினேன். அவர் மேலும் மூன்று கேள்வி கேட்டார். ஒன்றுக்குத் தெரியாது என்று சொன்னேன். தெரியாது என்று பிரெஞ்சில் சொன்னது அதுதான் எனக்கு முதல் தடவை.

இரண்டு நாள் கழித்துச் சுவரில் பெறுபேறு ஒட்டினார்கள். என் இலக்கத்துக்கு நேரே பதினான்கு. இருபதுக்குப் பதினான்கு. அந்தப் பாடத்துக்குப் பத்துப் போதும். விரலை வைத்து, கோடு பிசகாமல் மூன்று தரம் பார்த்தேன். அட்டை கிடைக்கும். நான் படிக்கலாம். அங்கிருந்து நண்பன் வேலை செய்த உணவகம் வரை எப்படிப் போனேன் என்று தெரியாது. மெட்ரோவை விட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும், போய்ச் சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம். பின்கதவு திறந்திருந்தது. அவன் முழங்கைவரை நுரையோடு, மலைபோலக் கிடந்த தட்டுகளுக்கு நடுவில் நின்றான். என்னைக் கண்டதும் நீர்க்குழாயைப் பூட்டினான்.

"எத்தினை எடுத்தனாங்கள்?" என்று கேட்டான்.

நீ எத்தனை எடுத்தாய் என்று கேட்கவில்லை. அதை அவன் யோசித்துச் சொல்லவும் இல்லை, அப்படித்தான் வந்தது.  இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். அன்று அந்தக் கதவில் நின்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்த நன்றியில் கால்வாசியும் அவற்றில் இல்லை.

"பதினாலு" என்றேன். "இருபதுக்கு."

அவன் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தான். முகம் முழுவதும் சிரிப்பாக விரிந்தது. பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தான்.

"மிச்சம் ஆறையும் எதிலை விட்டனாங்கள்?"